தாயை நினைத்து ஏங்கியதா அவன் குற்றம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில், சிறுவர்களுக்கென ஒதுக்கப்பட்ட பக்கத்தில், ‘ஸ்டார் வார்ஸ்’ படங்களின் கொடியவனான டார்த் வேடரைப் பற்றி வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். எழுதியவர் அப்படங்களை ஊன்றிப் பார்த்திருக்கிறார் என்பது வரிக்கு வரி தெரிகிறது. ஆனால், தாயின் மீதும் மனைவியின் மீதும் வைத்த பற்றை விட முடியாமல்தான் அவன் கெட்டான் என்றும், அவனைப் பயிற்றுவித்த ஜெடாய் வீரர்கள் எச்சரித்தும் அவன் கேட்கவில்லை என்றும், ஆகவே பிள்ளைகள் பற்றை அடக்கப் பழக வேண்டும் என்றும் அவர் முடித்திருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. 26 ஆண்டுகள் மாணவியர் விடுதியொன்றில் காப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். வீட்டை நினைத்து அழும் பிள்ளைகளோடு கழிந்த ஆயுள் என்பதால், பத்து வயதுப் பிள்ளைகள் படிக்கும் பக்கத்தில் அந்த வரியைக் கண்டதும் இக்கடிதத்தை எழுதாமல் இருக்க இயலவில்லை.

நான் அப்படங்களைப் பார்த்த வரிசையையும் சொல்லிவிட வேண்டும். 1977இல் முதல் படம் வந்தபோது உலகம் கண்டது கறுப்பு முகமூடியையும், அதற்குள்ளிருந்து வரும் மூச்சொலியையும்தான். 1980இல் அவன் நாயகனின் தந்தை என்று தெரிந்தது. 1983இல் முகமூடி கழன்று முகம் தெரிந்தது. அந்த முகம் ஒரு காலத்தில் ஒன்பது வயதுச் சிறுவனாக இருந்ததைக் காட்டும் படமோ 1999இல்தான் வந்தது. முகமூடியிலிருந்து பிள்ளைக்கு வந்து சேர 22 ஆண்டுகள் ஆயின. என் பேரன் விடுமுறைக்கு வந்திருந்தபோது கதை நடக்கும் வரிசையிலேயே எனக்கு அவற்றைப் போட்டுக் காட்டினான். அதனால் நான் முதலில் பார்த்தது அந்தப் பிள்ளையைத்தான், முகமூடி எனக்குப் பிறகுதான் வந்தது. கட்டுரையாளரும் நானும் வேறுவேறு இடங்களில் வந்து நிற்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

அந்தப் பிள்ளையின் பெயர் அனாகின் ஸ்கைவாக்கர். டாட்டூயின் என்னும் மணல் கிரகத்தில், வாட்டோ என்ற பழைய சாமான் வியாபாரிக்கு அவனும் அவன் தாய் ஷ்மியும் அடிமைகள். அதற்கு முன்பு வேறொருவருக்குச் சொந்தமாக இருந்தவர்கள். கைமாறி இங்கே வந்தபோது அவனுக்கு மூன்று வயது. அடிமைகள் தப்பியோடாதிருக்க அவர்களின் உடம்புக்குள் ஒரு கருவியைப் பதித்திருக்கிறார்கள். ஓடினால் அது வெடித்துவிடும். கடைக்கு வந்த, பின்னாளில் அவன் மனைவியாகும் பத்மே என்ற பெண் “நீ அடிமையா?” என்று வியப்போடு கேட்கும்போது, தான் ஒரு மனிதன், தன் பெயர் அனாகின் என்று அவன் வெடுக்கென்று பதில் சொல்கிறான். ஒன்பது வயதில் அந்தப் பதிலைச் சொல்லத் தெரிந்த பிள்ளையை யாரோ நன்றாக வளர்த்திருக்கிறார்கள் என்று அந்த இடத்திலேயே நான் நினைத்துக்கொண்டேன்.

வளர்த்தவள் ஷ்மி. தந்தை என்று ஒருவர் அவன் வாழ்வில் இல்லை. உடைமை என்று சொல்ல எதுவும் இல்லாத அந்த வீட்டில், மணற்புயலில் சிக்கிய அந்நியர்களை அவன் அழைத்து வருகிறான். அவள் இருப்பதைப் பகிர்ந்து உணவு போடுகிறாள். அவர்களின் பழுதான விண்கலத்திற்கு உதிரிப் பாகம் வாங்கப் பணமில்லை என்று அறிந்ததும், உயிருக்கே ஆபத்தான பந்தயத்தில் தானே கலம் ஓட்டிப் பரிசை வென்று தருவதாக முன்வருகிறான். பலனை எதிர்பாராமல் கொடுக்கிறான் உங்கள் மகன் என்று குவாய்-கான் ஜின் என்ற ஜெடாய் வீரர் வியக்க, பேராசை என்றால் என்னவென்றே அவனுக்குத் தெரியாது என்று ஷ்மி சொல்கிறாள். கட்டுரையாளர் அவன் பிறவியிலேயே ‘எல்லாம் தனக்கே வேண்டும்’ என்ற குணம் இருந்ததாக எழுதியிருக்கிறார். படம் இதற்கு நேர்மாறானதைத் தாயின் வாயாலேயே சொல்லியிருக்கும்போது, அந்தக் குணம் எங்கிருந்து, எப்போது வந்தது என்று தேடுவதுதானே முறை?

நான் தேடிப் பார்த்த இடம் ஒரு சிறிய பகடைக்காய். பந்தயத்தை ஒட்டி வாட்டோவுடன் பேரம் பேசும்போது குவாய்-கான் தாயையும் மகனையும் சேர்த்தே கேட்கிறார். அதை மறைக்கக் கூடாது. ஒரு பந்தயக் கலத்திற்கு இரண்டு அடிமைகள் ஈடாக மாட்டார்கள் என்று வாட்டோ மறுத்து, பகடையை உருட்டுகிறான். நீலம் விழுந்தால் பையன், சிவப்பு விழுந்தால் தாய். குவாய்-கான் தம் ஆற்றலால் யாருக்கும் தெரியாமல் அதைத் திருப்பி நீலம் விழச் செய்கிறார். அவருக்குத் தேவைப்பட்டவன் பையன். அவனுக்குள் இருந்த அபூர்வ ஆற்றலை அவர் கண்டுகொண்டிருந்தார். அடிமைகளை விடுவிக்கத் தாம் வரவில்லை என்று ஷ்மியிடமே அவர் சொல்லியிருந்தார். முதல் நாள் இரவு உணவின்போது, தான் ஜெடாய் ஆகித் திரும்பி வந்து எல்லா அடிமைகளையும் விடுவித்ததாகக் கனவு கண்டதைச் சொல்லி, “எங்களை விடுவிக்க வந்திருக்கிறீர்களா?” என்று பிள்ளை அவரிடம் கேட்டிருந்தான்.

பிரியும் காட்சியை நான் இரண்டாம் முறை பார்க்கவில்லை. மூட்டையோடு சில அடிகள் நடந்தவன் நின்று, திரும்பி ஓடிவந்து தாயைக் கட்டிக்கொண்டு, தன்னால் முடியாது என்கிறான். அவள் மண்டியிட்டு, திரும்பிப் பார்க்காதே என்று சொல்லி அனுப்பி வைக்கிறாள். வந்து உன்னை விடுவிப்பேன் என்று அவன் வாக்குக் கொடுக்கிறான். விடுதியின் வாசலில் ஒவ்வோர் ஆண்டும் ஜூன் மாதத்தில் இப்படித் திரும்பி ஓடும் பிள்ளைகளை நான் கண்டிருக்கிறேன். அவர்களின் தாய்மார் மாதம் ஒரு முறையாவது பார்க்க வருவார்கள். விடுமுறைக்கு ஊருக்குப் போகலாம். ஷ்மியின் உடம்புக்குள்ளோ வெடிக்கும் கருவி இருந்தது. அவள் வர முடியாது, அவனும் போக முடியாது. அடுத்த பத்தாண்டுகளில் அவளை மீட்க யாரும் போனதாக அந்தத் திரைப்படங்கள் காட்டவில்லை. அந்தப் பிள்ளையின் உதவியால் காப்பாற்றப்பட்ட நபூ கிரகத்தின் அரசி இருந்தாள், குடியரசின் தலைநகரில் ஜெடாய் சபை முழுவதும் இருந்தது, செல்வமும் கப்பல்களும் இருந்தன. அடிமை முறையைத் தடுக்கும் சட்டமும் குடியரசில் இருந்தது. அந்தச் சட்டம் இங்கே எட்டாது, குடியரசு என்பதே இங்கில்லை என்று ஷ்மி அமைதியாகச் சொன்ன பதில்தான் அந்த அரசியல் முழுவதற்குமான விளக்கம் என எனக்குத் தோன்றியது.

அடுத்து, ஜெடாய் சபை அவனைச் சோதிக்கும் காட்சி. வட்டமாக அமர்ந்திருக்கும் பெரியவர்களின் நடுவில் ஒன்பது வயதுப் பிள்ளை தனியே நிற்கிறான். எப்படி உணர்கிறாய் என்று சபையின் மூத்தவரான யோடா கேட்க, குளிர்கிறது என்கிறான். பயமா என்றால் இல்லை என்கிறான். உன் நினைவெல்லாம் உன் தாயிடமே இருக்கிறது என்று ஒருவர் சொல்ல, ஆம், தேடுகிறது என்று ஒளிக்காமல் ஒப்புக்கொள்கிறான். அவளை இழந்துவிடுவோமோ என்ற அச்சம் உனக்கு என்று யோடா குறுக்கிட, அதற்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று அவன் கேட்கிறான். எல்லாத் தொடர்பும் உண்டு என்று தொடங்கித்தான், அச்சம் சினமாகி, சினம் வெறுப்பாகி, வெறுப்பு துன்பத்தில் கொண்டுவிடும் என்ற புகழ்பெற்ற உபதேசம் வருகிறது. கட்டுரையாளர் அதைத்தான் பெட்டிச் செய்தியாகத் தடித்த எழுத்தில் தந்திருந்தார். உபதேசம் பொய்யென்று நான் சொல்லவில்லை. தாய் அடிமையாகக் கிடக்கும்போது அவளைப் பற்றி அஞ்சும் பிள்ளையிடம் அதைச் சொல்லிவிட்டு, அவளை மீட்க என்ன வழி என்று அந்த வட்டத்தில் ஒருவர்கூடக் கேட்கவில்லை என்பதைத்தான் சொல்கிறேன். அச்சத்திற்குக் காரணம் இருந்தது. நீக்கக்கூடிய காரணமாகவும் இருந்தது. அவர்கள் காரணத்தை அப்படியே விட்டுவிட்டு அச்சத்தைக் குற்றமாக்கினார்கள்.

அதோடு, அவன் சேர்க்கப்படும் வயதைக் கடந்துவிட்டான் என்றும் மறுக்கிறார்கள். கைக்குழந்தைகளையே எடுத்து வளர்க்கும் வழக்கமுடையவர்கள் அவர்கள். தாய்முகம் நினைவில் நின்றுவிட்ட பிள்ளை அவர்களுக்குச் சிக்கல். ஓபி-வான் கெனோபி என்ற இளையவர் அவன் ஆபத்தானவன் என்று தம் குருவிடம் வாதாடிய சற்று நேரத்தில், தொல்லையாக இருக்க நான் விரும்பவில்லை என்று பிள்ளை குவாய்-கானிடம் வந்து சொல்கிறான். படம் அந்த இடத்தைச் சில விநாடிகளில் கடந்துவிடுகிறது. என் விடுதியில் அப்படிச் சொன்ன பிள்ளைகளைத்தான் நான் அதிகம் கவனிப்பேன். அழுது அடம்பிடிக்கிறவர்களைவிட அவர்களைப் பற்றித்தான் எனக்கு உறக்கம் வராது. ஓரிரு நாள்களில் குவாய்-கான் கொல்லப்படுகிறார். அவனை விரும்பி அழைத்து வந்த ஒரே மனிதரும் போனபின், அவருக்குக் கொடுத்த வாக்கிற்காக, தாமே துக்கத்தில் இருக்கும் ஓபி-வான் அவனை வளர்க்கும் பொறுப்பை ஏற்கிறார். அவர் நல்லவர், அன்பும் உள்ளவர். வளர்ந்த அண்ணனைப் போல இருந்தார் என்று சொல்லலாம். தாயில்லாத வெறுமையை நிரப்ப அவருக்கு விதியும் இடம் தரவில்லை, விதிமுறையும் இடம் தரவில்லை.

இங்கே கதைக்கு வெளியே ஒரு செய்தியைச் சொல்ல வேண்டியிருக்கிறது. இங்கிலாந்தில் ஜான் பௌல்பி என்ற மனநல மருத்துவரும், அவரோடு பணியாற்றிய ஜேம்ஸ் ராபர்ட்சனும் தாயைப் பிரிந்த குழந்தைகளை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார்கள். உலக சுகாதார நிறுவனத்திற்காகப் பௌல்பி எழுதிய அறிக்கை 1951இல் வந்தது; மருத்துவமனையில் தாயைப் பிரிந்து தங்கிய இரண்டு வயதுக் குழந்தையைப் பற்றிய ராபர்ட்சனின் ஆவணப்படம் 1952இல் வந்தது. பிரிந்த குழந்தை முதலில் அழுது எதிர்க்கும், பிறகு நம்பிக்கையிழந்து ஒடுங்கும், அதற்கும் பிறகு ஒட்டுதல் அறுந்ததைப் போல் அமைதியாகிவிடும் என்று அவர்கள் மூன்று கட்டங்களாகப் பிரித்துக் காட்டினார்கள். மூன்றாம் கட்டத்தைப் பார்த்து, பிள்ளை பழகிவிட்டது என்று மருத்துவமனையில் மகிழ்ந்தார்களாம். அவர்கள் கண்ட குழந்தைகள் அனாகினைவிடச் சிறியவர்கள் என்பதை மறக்கவில்லை. ஆனால், ‘பிள்ளை பழகிவிட்டது’ என்ற சொல்லை நானும் எத்தனையோ பெற்றோரிடம் தொலைபேசியில் சொல்லியிருக்கிறேன். அதில் எத்தனை முறை உண்மையைச் சொன்னேன் என்று இந்த வயதில் யோசிக்கிறேன். ஜெடாய்கள் தடுத்த உணர்வுக்கும் பௌல்பி குழந்தை உயிர்வாழத் தேவை என்று காட்டிய உணர்வுக்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல்தான் வழங்குகிறது. நமக்குப் பற்று வேறு, பாசம் வேறு. கட்டுரையாளர் இரண்டையும் பற்று என்றே எழுதியதில்தான் பிழை தொடங்குகிறது.

நம் மரபின் துறவையும் அவர் துணைக்கு அழைத்திருக்கிறார். காதற்ற ஊசியும் கடைவழிக்கு வராது என்று அறிந்து அத்தனை செல்வத்தையும் உதறிய பட்டினத்தார், தாய்க்குக் கொள்ளி வைப்பேன் என்ற வாக்கை மட்டும் உதறவில்லை. அவள் இறந்தபோது வந்து, பச்சை வாழை மட்டைகளை அடுக்கிச் சிதை மூட்டி, நெஞ்சு வெடிக்கப் பாடினார் என்பதுதான் நாம் கேட்டு வளர்ந்த கதை. வாழ்ந்து, கொண்டு, கொடுத்து, வளர்ந்தபின் விடுவது துறவு. ஒன்பது வயதுப் பிள்ளையிடமிருந்து பிடுங்குவதற்கு அந்தப் பெயரைச் சூட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கதையில் பத்தாண்டுகள் கழித்து, 2002இல் வந்த படத்தில், பத்தொன்பது வயது அனாகினுக்குத் தாய் வதைபடுவதாகக் கனவுகள் வருகின்றன. கனவுகள் காலப்போக்கில் மறைந்துவிடும் என்கிறார் ஓபி-வான். மறையவில்லை. பொறுக்க முடியாமல் அவன் டாட்டூயினுக்குப் போன பிறகுதான், வாட்டோ அவளை விற்றுவிட்டதையும், வாங்கிய க்ளீக் லார்ஸ் என்ற குடியானவர் அவளை விடுதலை செய்து மணந்துகொண்டதையும் அறிகிறான். தாய் அடிமை நிலையிலிருந்து மீண்டதைக்கூட மகனுக்குத் தெரிவிக்க யாரும் இல்லை. ஒரு மாதத்திற்கு முன்பு பாலைவனத்து டஸ்கன் கூட்டத்தார் அவளைக் கவர்ந்து சென்றுவிட்டார்கள்; தேடிப்போன முப்பது பேரில் நால்வரே திரும்பினார்கள். அவன் கண்டுபிடித்தபோது அவள் அவன் கைகளிலேயே இறக்கிறாள். அதன்பின் அவன் செய்ததை எந்த வளர்ப்பும் நியாயப்படுத்தாது. அந்தக் குடியிருப்பின் ஆண்கள், பெண்கள், குழந்தைகள் அனைவரையும் வெட்டிக் கொன்றேன் என்று அவனே பத்மேயிடம் கதறுகிறான். 2005இல் வந்த படத்தில் ஜெடாய் கோயிலின் சிறுவர்களையும் அவன் கொல்கிறான். அவனுக்குப் பரிந்து பேச நான் வரவில்லை. அந்தக் குழந்தைகளுக்கும் தாய்மார் இருந்தார்கள். அவனை வெறுப்பதற்குப் பிள்ளைகளுக்கு முழு உரிமை உண்டு. ஆனால், தாயை நினைத்தது அவனைக் கெடுத்தது என்று மட்டும் அவர்களிடம் சொல்லாதீர்கள்.

ஏனெனில், நினைப்பதைச் சொல்ல இடமில்லாததுதான் அவனை ஒரே ஒரு மனிதரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது. பின்னாளில் பேரரசராகும் அரசியல்வாதி பால்படீன், அந்தப் பிள்ளை நபூவில் நின்ற நாளிலேயே அவன் தோளில் கை வைத்து, உன் வளர்ச்சியை ஆவலோடு கவனிப்போம் என்றவர். ஓபி-வான் கண்டித்தபோது அவர் புகழ்ந்தார். சபை ஐயப்பட்டபோது நம்பினார், நம்புவதாகக் காட்டினார். தாயையும் டஸ்கன் கூட்டத்தையும் பற்றி அவன் மனம்விட்டுச் சொல்லியிருந்தது அவரிடம் என்பது 2005இல் வந்த படத்தில் போகிறபோக்கில் தெரியவருகிறது. கொலை செய்துவிட்டு வந்த பத்தொன்பது வயது இளைஞன், தன்னை வளர்த்த குருவிடம் சொல்ல முடியாததைத் தன்னை அழிக்கக் காத்திருந்தவரிடம் சொல்லியிருக்கிறான். பிறகு மனைவி பிரசவத்தில் இறப்பதாகக் கனவு வரும்போது, அவன் யோடாவிடமும் போகிறான். ஜெடாய்களுக்குத் திருமணம் விலக்கு; அவன் திருமணமே மறைக்கப்பட்டது என்பதால் யாரைப் பற்றி என்று சொல்ல முடியவில்லை. இறந்தவருக்காக அழாதே, தேடாதே, இழக்க அஞ்சும் அனைத்தையும் விடப் பழகு என்கிறார் அவர். பால்படீனோ, காப்பாற்ற வழி இருக்கிறது என்கிறார். அது பொய்தான். ஒரு பக்கம் அழாதே என்ற உண்மையும், மறுபக்கம் உதவுகிறேன் என்ற பொய்யும் மட்டுமே இருந்தால், பயந்த பிள்ளை எந்தப் பக்கம் போகும் என்று எந்தத் தாயைக் கேட்டாலும் சொல்வாள்.

இன்னொன்றும் என் மனத்தை உறுத்தியது. அடிமையை உடைமையாகக் கொண்டவனைக் குறிக்க ஆங்கிலத்தில் வழங்கும் ‘மாஸ்டர்’ என்ற சொல்லையே, அவன் ஜெடாய் கோயிலில் ஆசிரியரை அழைக்கவும் பயன்படுத்துகிறான். பேரரசரான பால்படீனின் முன் மண்டியிடும்போதும் அதே சொல்தான் வருகிறது. ஆண்டவர்கள் மாறினார்கள். அவன் அந்தச் சொல்லைச் சொல்லாத காலம், சாவதற்கு முந்தைய சில நிமிடங்கள்தான்.

இக்கதையை உருவாக்கிய ஜார்ஜ் லூகாஸே, விட்டுவிட முடியாத பற்றுதான் அவனைக் கெடுத்தது என்ற பொருளில் பேசியிருக்கிறார் என்பதை அறிவேன். ஆயினும் அவர் எடுத்த படமே வேறொன்றையும் காட்டுகிறது. அனாகினின் மகன் லூக், அதே மணல் கிரகத்தில், ஷ்மி புதைக்கப்பட்ட அதே லார்ஸ் குடும்பத்துப் பண்ணையில் வளர்கிறான். அவனுக்கும் தாய் இல்லை, தந்தை இல்லை. வளர்த்த ஓவனும் பெருவும் கொல்லப்பட்டு எரிந்து கிடப்பதையும் அவன் கண்ணால் காண்கிறான். ஆனால், பத்தொன்பது வயதுவரை மாலையானால் சாப்பிட வா என்று கூப்பிட ஒரு சித்தி இருந்தாள், முணுமுணுக்க ஒரு சித்தப்பா இருந்தார். அவர்களைப் பிரிந்தது சாவினால்தான். அவர்களை நினைக்காதே என்று யாரும் அவனுக்குக் கட்டளையிடவில்லை. கடைசியில், தந்தையை எதிர்த்து நின்றே ஆக வேண்டும் என்று பெரியவர்கள் சொன்னதையும் மீறி, அவருக்குள் நல்லது மிச்சமிருக்கிறது என்று அவன் ஆயுதத்தை வீசி எறிகிறான். பேரரசரைத் தூக்கி எறிந்து மகனைக் காப்பாற்றும் வேடரைத் திருப்பியது எந்த உபதேசமும் இல்லை. வலியில் அப்பா என்று அலறிய மகனின் குரல்தான். கட்டுரையாளர் அடக்கச் சொல்லும் அதே பாசம்தான் அங்கே வேலை செய்கிறது.

ஆகவே, சிறுவர் பக்கத்தில் இதைப் பற்றி மீண்டும் எழுதும் வாய்ப்பு அமைந்தால், விடுதிகளிலும் உறவினர் வீடுகளிலும் தங்கிப் படிக்கும் பிள்ளைகளும் அதைப் படிப்பார்கள் என்பதைக் கட்டுரையாளர் மனத்தில் கொள்ள வேண்டுகிறேன். அம்மாவைத் தேடுகிறது என்று சொல்லும் பிள்ளையிடம் ஒரு பெரியவர் என்ன சொல்லியிருக்கலாம் என்று இரண்டு வரி சேர்த்தால் போதும். கட்டுரையோடு அரைப்பக்கத்திற்கு அந்தக் கறுப்பு முகமூடியை வெளியிட்டிருந்தீர்கள். அடுத்த முறை, மூட்டையோடு திரும்பி ஓடிவந்து தாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டு நிற்கும் அந்தச் சிறுவனின் படத்தை வெளியிடுங்கள்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற விடுதிக் காப்பாளர்,
கும்பகோணம்.